டயர் வாங்கும் முன் எக்ஸெல்லைத் திறங்கள்

கம்ப்யூட்டர் இதழில் மோட்டார் சைக்கிள் டயருக்கு என்ன வேலை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "எக்ஸெல், எக்ஸெல் என்கிறார்களே, நான் என்ன ஆபீஸ் கணக்கா எழுதுகிறேன்? வீட்டில் இருப்பவனுக்கு அது எதற்கு?" இந்தக் கேள்விக்கான பதிலை நான் நாலாயிரத்து சொச்சம் ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் இன்ஜினியரிங் படித்தவன். கோவை சரவணம்பட்டியில் சாப்ட்வேர் வேலை. சொந்த ஊர் பொள்ளாச்சி பக்கம். வீட்டில் அப்பாவின் பழைய புல்லட் 350 ஒன்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் வாங்கியது. இரும்பு சிலிண்டர் இன்ஜின், முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம், இரண்டிலும் 3.25-19 டயர். அதைக் கொஞ்சம் மாற்றி அமைக்க வேண்டும், குறிப்பாகப் பின்னால் தடித்த டயர் போட வேண்டும் என்பது எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஆசை. அப்பாவும் ஒருவழியாகச் சம்மதித்தார்.

பழைய சாமான் கடையில் 18 அங்குல ரிம் ஒன்று கிடைத்தது. புல்லட் வீல் டிரம்முக்கு 40 ஸ்போக்ஸ் கம்பி. ரிம்மிலும் 40 துளை இருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். ஒரு டயர் கடையில் 130/80-18 டயர் கண்ணில் பட்டது. பார்க்க யானைக் கால் மாதிரி இருந்தது. உடனே வாங்கிவிட்டேன். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சிட்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன்.

மெக்கானிக் அண்ணன் ஸ்போக்ஸ் கட்டி, கோட்டம் எடுத்து, டயரை ஏற்றிக் காற்றடித்தார். டயரின் நடுப்பகுதி கூம்பு போலத் தூக்கிக்கொண்டு நின்றது. வண்டியில் மாட்டினால் செயின் பக்கம் விரல் நுழைய இடமில்லை. கையால் சுற்றினாலே செயின் கார்டில் உரசியது.

"ஏனுங் தம்பி, நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாலயே உக்கார்ந்திருக்கறீங்க. டயர் வாங்கறதுக்கு முன்னால அதுல ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதுங்களா?" என்றார்.

நியாயமான கேள்வி. அன்று இரவே உட்கார்ந்தேன். அப்பா அப்போதுதான் வீட்டுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். பழைய பாட்டு கேட்பதைத் தவிர அதில் வேறெதுவும் செய்ததில்லை. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நான் செய்ததைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிய வேண்டும். உதாரணமாக 110/90-18 61பி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

110 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.

90 என்பது டயரின் உயரம். ஆனால் இது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். அகலத்தில் 90 சதவீதம், அதாவது 99 மி.மீ. பலர் தவறு செய்யும் இடம் இதுதான்.

18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக ஒரே டயரில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என மூன்று வகை அளவுகள். மனக்கணக்குப் போடுவது கஷ்டம். கம்ப்யூட்டருக்கோ இது ஒரு நொடி வேலை.

61 என்பது சுமைக் குறியீட்டு எண். 61 என்றால் 61 கிலோ அல்ல. அதற்கென்று தனிப் பட்டியல் உண்டு. 51 என்றால் 195 கிலோ, 52 என்றால் 200, 54 என்றால் 212, 56 என்றால் 224, 61 என்றால் 257, 65 என்றால் 290 கிலோ. அந்த ஒரு டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை அது.

கடைசி எழுத்து வேகம். ஜே என்றால் மணிக்கு 100 கி.மீ., எல் 120, என் 140, பி 150, எஸ் 180, ஹெச் 210.

பழைய வண்டிகளில் 3.25-19, 2.75-18 என்று அங்குலத்தில் இருக்கும். இதில் சதவீதம் எழுதியிருக்காது. உயரமும் அகலமும் ஏறத்தாழ சமம், அதாவது 100 சதவீதம் என்று வைத்துக் கணக்கிடலாம். 3.25 அங்குலம் என்பது 82.55 மி.மீ.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம்

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பில் கால்க் என்ற புரோகிராம் இருக்கிறது. இன்டர்நெட் இணைப்பு இருந்தால் கூகுள் ஷீட்ஸ் போதும். மூன்றிலும் கீழே சொல்லும் வேலை ஒரே மாதிரிதான்.

புதிய ஷீட்டைத் திறங்கள். மேலே ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவை காலம்கள். இடப்பக்கம் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். அவை வரிசைகள். இரண்டும் சந்திக்கும் கட்டம் செல். பி காலத்தில் இரண்டாவது வரிசை என்றால் அந்த செல்லின் பெயர் பி2. இந்தக் கட்டுரையில் எழுத்துகளைத் தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தையே பயன்படுத்துங்கள். அல்லது ஃபார்முலா எழுதும்போது அந்த செல்லை மவுஸால் கிளிக் செய்தால் போதும், பெயர் தானாக வந்துவிடும்.

படி 1: முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ1ல் டயர், பி1ல் அகலம், சி1ல் சதவீதம், டி1ல் ரிம், இ1ல் விட்டம், எஃப்1ல் 60 காட்டும்போது உண்மை வேகம், ஜி1ல் உயர மாற்றம்.

படி 2: இரண்டாவது வரிசையில் உங்கள் வண்டியில் கம்பெனி போட்டுத் தந்த டயரை எழுதுங்கள். இதுதான் அளவுகோல். என் வண்டிக்கு ஏ2ல் 3.25-19, பி2ல் 82.55, சி2ல் 100, டி2ல் 19.

படி 3: மூன்றாவது வரிசையிலிருந்து, போடலாமா என்று யோசிக்கும் டயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

படி 4: இ2 செல்லில் விட்டத்துக்கான ஃபார்முலா. ஃபார்முலா எப்போதும் சமக்குறியில் தொடங்க வேண்டும். இதோ:

=டி2*25.4+2*பி2*சி2/100

ஒரு அங்குலம் 25.4 மி.மீ. ரிம்மை மில்லிமீட்டருக்கு மாற்றி, மேலே ஒரு டயர் உயரம், கீழே ஒரு டயர் உயரம் என்று இரண்டு முறை கூட்டுகிறோம். எண்டர் தட்டினால் 647.7 என்று விடை வரும்.

படி 5: எஃப்2 செல்லில் ஸ்பீடோமீட்டர் கணக்கு:

=60*இ2/இ$2

டாலர் குறி எதற்கு என்கிறீர்களா? ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது இ2 என்பது இ3, இ4 என்று மாறிக்கொண்டே போகும். நமக்கோ ஒப்பிட வேண்டியது எப்போதும் பழைய டயரோடுதான். டாலர் குறி போட்டால் அந்த வரிசை எண் அசையாமல் நிற்கும். எக்ஸெல்லில் புதியவர்கள் முதலில் கற்க வேண்டிய விஷயம் இது.

படி 6: ஜி2 செல்லில் வண்டி எவ்வளவு உயரும், இறங்கும் என்ற கணக்கு:

=(இ2-இ$2)/2

படி 7: இ2, எஃப்2, ஜி2 மூன்றையும் சேர்த்துத் தேர்வு செய்யுங்கள். வலது கீழ் மூலையில் சின்னச் சதுரப் புள்ளி தெரியும். மவுஸை அதன்மேல் வைத்து, அழுத்தியபடி கீழே இழுத்து விடுங்கள். எல்லா வரிசைக்கும் விடை வந்துவிடும்.

எனக்கு வந்த விடைகள் இவை. விட்டமும் உயர மாற்றமும் மில்லிமீட்டரில், வேகம் கிலோமீட்டரில்.

3.25-19: விட்டம் 647.7, வேகம் 60, உயர மாற்றம் இல்லை
90/90-19: விட்டம் 644.6, வேகம் 59.7, 1.6 இறக்கம்
100/90-19: விட்டம் 662.6, வேகம் 61.4, 7.5 ஏற்றம்
110/90-18: விட்டம் 655.2, வேகம் 60.7, 3.8 ஏற்றம்
120/80-18: விட்டம் 649.2, வேகம் 60.1, 0.8 ஏற்றம்
130/80-18: விட்டம் 665.2, வேகம் 61.6, 8.8 ஏற்றம்
140/70-17: விட்டம் 627.8, வேகம் 58.2, 10 இறக்கம்
110/70-17: விட்டம் 585.8, வேகம் 54.3, 31 இறக்கம்

இவை கணக்கு விட்டங்கள். நிஜ டயர் கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் மாறும். சரிபார்க்க எளிய வழி உண்டு. டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருக்க, சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்வரை தள்ளி, டேப்பால் தூரத்தை அளந்தால் அதுதான் உண்மையான சுற்றளவு.

விடைகளை எப்படிப் படிப்பது?

முதலில் முன் சக்கரம். என் புல்லட்டில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. ஆகவே வேகக் காலம் முன் டயருக்குத்தான் பொருந்தும். உங்கள் வண்டியில் கேபிள் அல்லது சென்சார் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹன்டர் 350 மெட்ரோ வண்டி 2022ல் வந்தபோது அதன் 17 அங்குலச் சக்கரங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. முன்னால் 110/70-17, பின்னால் 140/70-17. அதே ஜோடியை என் புல்லட்டில் போட்டால்? ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 54ல்தான் போகும். 100 கி.மீ. ஓடியதாகக் காட்டும்போது உண்மையில் ஓடியது 90தான். லிட்டருக்கு 40 கொடுக்கும் வண்டி 44 கொடுப்பதாகத் தெரியும். "டயர் மாற்றினேன், மைலேஜ் கூடிவிட்டது" என்று நண்பர்களிடம் பெருமை பேசிக்கொண்டு திரியலாம்!

முன்னால் 100/90-19 போட்டால் நிலைமை தலைகீழ். 60 காட்டும்போது 61.4ல் போகிறீர்கள். மீட்டர் குறைத்துக் காட்டுவது கூட்டிக் காட்டுவதைவிட ஆபத்து.

அடுத்து உயரம். அந்த 17 அங்குல ஜோடியில் முன்பக்கம் 31 மி.மீ. இறங்குகிறது. பின்பக்கம் 10தான் இறங்குகிறது. வித்தியாசம் 21 மி.மீ. புல்லட்டின் இரு சக்கர மையங்களுக்கு இடையே 1370 மி.மீ. கணக்குப் போட்டால் முன் ஃபோர்க் ஏறத்தாழ 0.9 டிகிரி செங்குத்தாகிவிடுகிறது. ஒரு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் ஃபோர்க் செங்குத்தானால் ஹேண்டில்பார் லேசாகித் துடிக்கும். நேரான ரோட்டில் நிதானமாகப் போகும் வண்டி வளைவில் சட்டென்று மடங்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ரோட்டில் நான் சோதனை செய்யத் தயாரில்லை.

பின் டயரின் விட்டம் கியரைப் பாதிக்கும். விட்டம் குறைந்தால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டும். கூடினால் இழுவை குறையும். ரேஸ்காரர்கள் டயர் சுற்றளவையும் ஸ்பிராக்கெட் பல்லையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். கோவைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் நம்ம ஊர்க்காரர்.

ஏபிஎஸ் உள்ள புதிய வண்டிகளில் இன்னும் கவனம் தேவை. சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துத்தான் அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. கம்பெனி சொன்ன விட்டத்திலிருந்து விலகினால் அந்தக் கணக்கே குழம்பலாம்.

ரிம்மின் அகலம்: நான் கோட்டைவிட்ட இடம்

ரிம்முக்கு விட்டம் மட்டுமல்ல, அகலமும் உண்டு. ரிம்மிலேயே 1.85 x 18 அல்லது 2.15 x 18 என்று அடித்திருப்பார்கள். முதல் எண் அகலம், அங்குலத்தில். ஒவ்வொரு டயரும் எந்த அகல ரிம்மில் உட்கார வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. பொதுவாக இப்படி:

90/90 டயர்: 1.85 முதல் 2.50 வரை
100/90 டயர்: 2.15 முதல் 2.75 வரை
110/90 டயர்: 2.15 முதல் 3.00 வரை
120/80 டயர்: 2.50 முதல் 3.00 வரை
130/80 டயர்: 2.75 முதல் 3.50 வரை
140/70 டயர்: 3.50 முதல் 4.50 வரை

வாங்கும் முன் அந்த டயர் கம்பெனியின் கேட்லாக்கிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பழைய சாமான் கடையில் வாங்கிய ரிம்மைத் துடைத்துப் பார்த்தேன். 1.85. அதன்மேல் குறைந்தது 2.75 கேட்கும் டயரை ஏற்றியிருக்கிறேன்! குறுகிய ரிம் டயரின் இரு ஓரங்களையும் உள்ளே இழுக்கிறது. அதனால்தான் நடுப்பகுதி கூம்பியது. அப்படிப்பட்ட டயரில் நடுவிலுள்ள சிறு பட்டை மட்டுமே ரோட்டைத் தொடும். தடித்த டயர் போட்டும் பிடிப்பு குறைவு. வளைவில் சாய்க்கும்போது டயர் ரிம்மின் மேல் ஆடவும் செய்யும்.

ஷீட்டில் ஹெச் காலத்தில் குறைந்தபட்ச ரிம் அகலத்தையும், ஐ காலத்தில் அதிகபட்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ரிம் அந்த வரம்புக்குள் வராத வரிசைகளுக்குச் சிவப்பு நிறம் கொடுங்கள். என் ஷீட்டில் 1.85 ரிம்முக்கு ஒரே ஒரு நவீன டயர்தான் தப்பியது: 90/90.

இடைவெளிக் கணக்கும் உண்டு. பின் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து செயின் கார்டு வரை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து டயர் அகலத்தில் பாதியைக் கழியுங்கள். குறைந்தது 10 மி.மீ. மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட வரம்பு. ஓடும்போது டயர் சற்று விரியும், செயின் ஆடும். இன்னொன்று, அதே டயரை அரை அங்குலம் அகலமான ரிம்மில் போட்டால் டயரின் அகலமும் சுமார் 5 மி.மீ. கூடும்.

அப்பா கேட்ட கேள்வி

இவ்வளவு நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "ஏங் கண்ணு, இதுல அகலம், உயரம் எல்லாம் வந்துருச்சு. பின்னாடி உங்கம்மா உக்காருவாளே, அது எங்க வருது?" என்றார்.

வரவில்லை. டயர் எப்படித் தெரியும் என்றே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அதில் யார் உட்காருவார்கள் என்ற நினைப்பே இல்லை. உறவு வீட்டு விசேஷம் என்றால் அப்பாவும் அம்மாவும் இந்த வண்டியில்தான் போவார்கள்.

மறுநாள் பக்கத்துத் தேங்காய் களத்துக்கு வண்டியை ஓட்டிப் போனோம். அங்கே மூட்டை போடும் தராசு இருக்கிறது. பின் சக்கரத்தைத் தராசில் ஏற்றி, முன் சக்கரத்துக்கு அதே உயரத்தில் பலகை அடுக்கினோம். அப்பாவும் அம்மாவும் பையோடு வண்டியில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்கள். களத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அம்மாவுக்குத்தான் கூச்சம். பின் சக்கரத்தில் 209 கிலோ. திருப்பி நிறுத்தி முன் சக்கரத்தை எடை போட்டால் 116 கிலோ.

பார்த்தீர்களா? மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின் டயரின் மேல்தான். கையை விட்டுப் போன பணத்தை ஈடுகட்ட 90/90-18 டயர் ஒன்றை மலிவாக வாங்கிப் பின்னால் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்திருந்தேன். அதன் சுமை எண் 51, அதாவது 195 கிலோ. விட்டம், ரிம், இடைவெளி எல்லாக் காலத்திலும் அது பாஸ். ஆனால் அம்மா ஏறி உட்கார்ந்த நிமிடமே 14 கிலோ கூடுதல் சுமை. கண்ணுக்குத் தெரியாது. டயர் சூடேறி ஒரு நாள் ரோட்டில்தான் தெரியும்.

ஷீட்டில் ஜே காலத்தைச் சேர்த்து, சுமை எண்ணுக்குரிய கிலோவை எழுதினேன். அதற்கடுத்த காலத்தில் அதிலிருந்து 209ஐக் கழித்தேன். மைனஸ் வந்த டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போனது.

சட்டத்தையும் பாருங்கள்

வண்டியை இஷ்டத்துக்கு மாற்றச் சட்டம் அனுமதிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் சொன்ன விவரங்களிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தில் 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே ரிம்மை மாற்றும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்காதீர்கள்.

கடைசியில் என்ன போட்டேன்?

முன்னால் அதே 19 அங்குல ரிம். அதில் 90/90-19, சுமை எண் 52, அதாவது 200 கிலோ. மீட்டர் 60 காட்டினால் 59.7. பின்னால் 2.15 அகலத்தில் 40 துளை கொண்ட புது 18 அங்குல ரிம். ரிம் சிறியதாவதால் ஸ்போக்ஸ் கம்பியும் நீளம் குறைந்ததாக வாங்க வேண்டும். அதில் 110/90-18, சுமை எண் 61, அதாவது 257 கிலோ. அம்மா அப்பா இருவரும் ஏறினாலும் 48 கிலோ மிச்சம். இதே ஜோடி 2010களில் வந்த கிளாசிக் 350லும் இருந்தது என்பது தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகே வேலையைத் தொடங்கினோம்.

130 போல மிரட்டலாக இல்லைதான். ஆனால் வண்டி பழையபடியே நேராகப் போகிறது. எங்கும் உரசவில்லை. அந்த 130/80 டயர் இன்னும் மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. கோழி முட்டை வைக்கிறது.

சில டிப்ஸ்

டயரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. 0524 என்றால் 2024ன் ஐந்தாவது வாரத்தில் தயாரானது. இதை எக்ஸெல்லில் டைப் செய்தால் முன்னால் உள்ள சைபர் காணாமல் போய் 524 என்று நிற்கும். எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு டைப் செய்யுங்கள், சைபர் தங்கும். போன் நம்பர் எழுதும்போதும் இது உதவும்.

சாதாரண ஸ்போக்ஸ் ரிம்மில் கம்பித் துளைகள் வழியே காற்று வெளியேறும். எனவே டியூப் அவசியம். டயர் அளவு மாறினால் டியூபும் மாற வேண்டும். பழைய 3.25-19 டியூபை 110/90-18 டயருக்குள் திணிக்காதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் அந்தத் திசையில் சுற்றும்படி மாட்டச் சொல்லுங்கள்.

ஷீட்டை முடித்ததும் கன்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்தி சேவ் செய்ய மறக்காதீர்கள். பிரிண்ட் எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்தால் வாக்குவாதமே வராது.

எக்ஸெல் எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். கடையில் தவறு செய்தால் பணம் போகும். ரோட்டில் தவறு செய்தால் உயிர் போகும். ஷீட்டில் எத்தனை தவறு செய்தாலும் ஒரு டெலீட் கீயோடு முடிந்தது. உங்களிடம் புல்லட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் நிற்கும் மொபெட்டின் டயரைப் போய்ப் பார்த்து, அந்த எண்களை இன்றே ஒரு ஷீட்டில் எழுதிப் பாருங்கள்.

அப்பா இப்போது பாட்டு கேட்பதோடு நிற்பதில்லை. போன வாரம் ஊருக்குப் போனபோது தேங்காய்க் கணக்கை ஷீட்டில் எழுதி வைத்திருந்தார். ஃபார்முலாவில் டாலர் குறியும் சரியான இடத்தில் இருந்தது.